போத்தலில் எழுதிய ஒரு வரி



கண்டி மாநகரிலிருந்து சில கல் தொலைவில் உள்ள அரசினர் பாடசாலை ஒன்றின் அதிபராக நான் கடமையாற்றி வருகிறேன். சென்ற ஆண்டு எங்கள் பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி நடைபெற்ற நாள் கடும் வெயில் நாளாக அமைந்தது. ஹந்தானை மலைச் சாரலில் இருந்து வழக்கமாக இறங்கிவரும் காற்றும் அன்று வரவில்லை. ஓடிக் களைத்த பிள்ளைகளுக்காகப் பெற்றார் ஒருவர் ஒரு பெட்டி நிறையக் குளிர்பானப் போத்தல்களைக் கொண்டுவந்து உதவினார். சீனி சேராத பானம் என்று அவற்றின் மேல் பெரிய எழுத்தில் பொறித்திருந்தது.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், குடித்து முடித்த போத்தலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னர் என்னிடம் வந்து, “சேர், இதில ஒரு வருத்தத்தின்ட பேர் போட்டிருக்கு. குடிக்கிற சாமானில ஏன் சேர் வருத்தத்தின்ட பேர்?” என்று கேட்டான். வாங்கிப் பார்த்தேன். கடுகினும் சிறிய ஆங்கில எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதன் பொருள் இது: “பினைல்கீட்டோன்யூரியா உடையோர் கவனிக்க, இதில் பினைலலனின் உண்டு.”

நான் கலைப் பட்டதாரி, வரலாறு கற்பித்தவன், இரசாயனம் என் துறையன்று. விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று கூறி மாணவனை அனுப்பிவைத்தேன். ஆனால் ஆசிரியரிடமும் நூல்களிடமும் கேட்டு அறிந்தபோது, அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏறத்தாழ நூறு ஆண்டுகளின் வரலாறு அடங்கியிருப்பதைக் கண்டேன். அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இனிப்பின் கதையைப் பார்ப்போம். கண்டி நாட்டின் பழைய இனிப்பு சீனி அன்று. கூந்தற்பனை என்று தமிழிலும் கித்துல் என்று சிங்களத்திலும் வழங்கும் மரத்தின் பாளையைச் சீவி, வடியும் பதநீரைக் காய்ச்சிப் பாணியாகவும் கருப்பட்டியாகவும் எடுப்பதே இம்மலைநாட்டு வழக்கம். உள்ளங்கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு வெறுந் தேநீர் பருகும் முதியோரை இன்றும் தும்பறைப் பக்கத்துக் கிராமங்களில் காணலாம். பின்னாளில் வெள்ளைச் சீனி வந்தது. அதன் பின்னே போத்தல் பானங்கள் வந்தன. அவற்றின் பின்னே சலரோகமும் பெருகியது. இதனைக் கண்ட அரசு, 2016 ஆகஸ்ட் முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவை நிறத்தால் காட்டவேண்டும் என்று விதித்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருப்பின் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டதற்கு மஞ்சள். 2017 நவம்பரில் பானத்திலுள்ள சீனியின் நிறைக்கேற்ப வரியும் விதிக்கப்பட்டது. சீனியைக் குறைத்து இனிப்பைக் குறைக்காமல் இருக்கும் வழியை உற்பத்தியாளர் நாடுவது இயல்பே. அவ்வழி செயற்கை இனிப்பூட்டி.

செயற்கை இனிப்பூட்டிகளின் வரலாறு கைகழுவாத விஞ்ஞானிகளின் வரலாறு என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 1879ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்து இரசாயன ஆய்வுகூடத்தில் பணியாற்றிய கொன்ஸ்ரன்ரீன் பால்பேர்க் என்பவர், ஒருநாள் இராவுணவின்போது தம் கையிலிருந்த ரொட்டி இனிப்பதை உணர்ந்தார். நிலக்கரித் தாரில் இருந்து பெற்ற பொருளொன்று கையில் ஒட்டியிருந்தது. அதுவே சக்கரின். 1937இல் இலினோய் பல்கலைக்கழக மாணவர் மைக்கேல் ஸ்வேடா, ஆய்வுகூட மேசையில் வைத்திருந்த சிகரெட்டை மீண்டும் வாயில் வைத்தபோது இனித்தது, சைக்கிளமேற்று பிறந்தது. 1976இல் இலண்டனில் சசிகாந்த் பட்னிஸ் என்னும் இந்திய ஆய்வாளர், ஒரு பொருளைச் சோதித்துப் பார்க்குமாறு பேராசிரியர் கூறிய ஆங்கிலச் சொல்லைச் சுவைத்துப் பார்க்குமாறு கூறியதாகக் கேட்டு, நாவில் வைத்துவிட்டார், சுக்ரலோஸ் அறியப்பட்டது.

சீனி சேராத போத்தல் பானம் முதலில் நோயாளருக்காகவே செய்யப்பட்டது என்பது பலர் அறியாத செய்தி. 1952ஆம் ஆண்டு, நியூயோர்க் நகரத்தின் புறூக்ளின் பகுதியில் ஹைமன் கிர்ஷ் என்னும் பான உற்பத்தியாளர், தாம் தொடர்பு கொண்டிருந்த வைத்தியசாலை ஒன்றின் சலரோக நோயாளரும் இனிப்புப் பானம் அருந்தவேண்டும் என்று விரும்பி, சைக்கிளமேற்றுச் சேர்த்த இஞ்சிப் பானத்தை ஆக்குவித்தார். நோயாளருக்காகப் பிறந்த பானம் பின்னர் உடல் மெலிய விரும்புவோரின் பானமாயிற்று. இப்போது விளையாட்டுத் திடலில் நிற்கும் பிள்ளைகளின் பானமும் ஆகிவிட்டது.

நாம் எடுத்துக்கொண்ட வரிக்கு உரிய பொருள் அஸ்பார்ட்டேம். 1965 டிசம்பரில், ஜேம்ஸ் ஷ்லாற்றர் என்னும் இரசாயனவியலாளர் குடற்புண்ணுக்கான மருந்தாராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். தாள் ஒன்றைப் புரட்டுவதற்காக விரலை நாவில் தொட்டார், இனித்தது. சீனியைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு இனிப்புடைய பொருள் அது. ஆனால் அதன் அமைப்பு ஏனைய இனிப்பூட்டிகளின் அமைப்பிலிருந்து வேறுபட்டது. சக்கரின் உடலுக்கு அந்நியமானது, வந்தவாறே வெளியேறிவிடும். அஸ்பார்ட்டேமோ நாம் உண்ணும் பருப்பிலும் பாலிலும் உள்ள புரதத்தின் இரு துண்டுகளால் ஆனது. குடலில் அது அஸ்பார்ட்டிக் அமிலம், பினைலலனின் என்னும் இரு அமினோ அமிலங்களாகவும் சிறிதளவு மெதனோலாகவும் பிரிகிறது. அதன் நிறையில் ஏறத்தாழப் பாதி பினைலலனின். நம்மிற் பெரும்பாலோருக்கு இஃது உணவே. ஆயினும் பல்லாயிரத்தில் ஒரு பிள்ளைக்கு இது நஞ்சாகிறது. ஏன் என்பதை அறிய, நாம் நோர்வே நாட்டுக்குச் செல்லவேண்டும்.

செல்லுமுன் நம் பழைய வைத்தியரையும் ஒருகணம் நினைந்துகொள்வோம். நோயாளியின் சிறுநீரைப் பார்த்து நோயறியும் முறையை நம் சித்த வைத்தியர் நீர்க்குறி, நெய்க்குறி என்று வகுத்தனர். சலரோகியின் நீரை எறும்பு நாடும் என்பதனை இந்திய வைத்தியர் பண்டே கண்டிருந்தனர். உடலின் உள்ளே நிகழும் பிழை, உடலை விட்டு வெளியேறும் நீரிலே தெரியும் என்ற கொள்கை நமக்குப் புதிதன்று.

நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவில் போர்க்னி எகெலாண்ட் என்னும் தாய் ஒருத்திக்கு இரு பிள்ளைகள்: லீவ் என்னும் பெண்ணும் டாக் என்னும் ஆணும். இருவரும் பிறக்கையில் நலமாகவே பிறந்தனர். மாதங்கள் செல்லச் செல்ல அறிவு வளர்ச்சி குன்றியது. பெண் ஒருசில சொற்களே பேசினாள். ஆண் நடக்கவும் பேசவும் அறியாதிருந்தான். பிள்ளைகளின் மேல் எப்போதும் ஒரு விநோத மணம் வீசுவதைத் தாய் கவனித்தாள். வைத்தியர் பலரிடம் சென்று இதனைச் சொன்னாள். எவரும் பொருட்படுத்தவில்லை. 1934ஆம் ஆண்டு அஸ்பியோர்ன் பொலிங் என்பவரிடம் சென்றபோது, அவர் தாயின் சொல்லைக் கேட்டார். அவர் வைத்தியர் மட்டுமல்லர், இரசாயனமும் கற்றவர். பிள்ளைகளின் சிறுநீரில் பெரிக் குளோரைட்டு என்னும் பொருளைச் சேர்த்தார். கபில நிறமோ ஊதா நிறமோ தோன்றும் என்று எதிர்பார்த்தவர், கரும்பச்சை நிறம் தோன்றக் கண்டு வியந்தார். தாய் சலிக்காமல் சிறுநீரைச் சேகரித்துக் கொண்டுவந்து கொடுக்க, இரு மாதங்கள் உழைத்து, அதில் இருந்தது பினைல்பைரூவிக் அமிலம் என்று கண்டறிந்தார். பின் அறிவு வளர்ச்சி குன்றிய 430 பேரைச் சோதித்து, அவர்களில் மேலும் 8 பேரிடம் அதே பொருளைக் கண்டார். பினைல்கீட்டோன்யூரியா என்று பின்னர் பெயர் பெற்ற நோய் இவ்வாறு உலகுக்குத் தெரியவந்தது.

நோயின் தன்மையை மகாவலி கங்கையைக் கொண்டு விளக்கலாம். கண்டிக்கு அண்மையில் பொல்கொல்லையில் ஆற்றை மறித்து அணை கட்டியிருக்கிறார்கள். அதன் மதகுகள் திறவாமல் இறுகிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்புறத்தில் நீர் பெருகி ஊரை அழிக்கும்; கீழ்ப்புறத்து வயல் வறளும். நாம் உண்ணும் புரதத்திலுள்ள பினைலலனின், ஈரலிலுள்ள ஒரு நொதியத்தால் தைரோசின் என்னும் வேறு பொருளாக மாற்றப்படவேண்டும். அந்த நொதியமே மதகு. அது இயங்காத குழந்தையின் குருதியில் பினைலலனின் தேங்கி, வளரும் மூளையைத் தாக்குகிறது. கருவில் இருக்கும்போது தாயின் உடல் இப்பணியைச் செய்துவிடுவதால் குழந்தை நலமாகப் பிறக்கிறது. பால் குடிக்கத் தொடங்கியபின் கேடு தொடங்குகிறது.

இத்தகைய நோய்களுக்குப் ‘பிறவியிலேயே அமைந்த அனுசேபப் பிழைகள்’ என்ற கருத்தை வகுத்தவர் ஆர்ச்சிபால்ட் கறொட் என்னும் ஆங்கில வைத்தியர். சிறுநீர் கருமையாக மாறும் வேறொரு நோயை ஆராய்ந்து 1902இல் எழுதிய அவர், அந்நோயுடைய பிள்ளைகளின் பெற்றார் பலர் ஒன்றுவிட்ட சகோதரர் முறையினராய் இருந்ததைக் கண்டார். பழுதுபட்ட பரம்பரை அலகு ஒன்றைத் தாயும் தந்தையும் தனித்தனியே சுமந்திருக்கலாம். இருவருக்கும் ஒரு நோயும் தோன்றாது. இருவரிடமிருந்தும் அதனைப் பெறும் பிள்ளைக்கே நோய் வரும். அவ்வாறு வருவதற்கு ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரே பாட்டனின் வழி வந்தோர் மணந்துகொண்டால் இருவரும் அதே பழுதைச் சுமந்திருக்கும் வாய்ப்பு மிகும்.

நேயர்களே, இங்கு நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். மாமன் மகளை மணப்பது தமிழர் வழக்கம். மலைநாட்டுச் சிங்கள மக்களிடையேயும் மச்சாளை மணக்கும் முறை உண்டு. அவ்வழக்கத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. அப்படி மணந்தோரின் பிள்ளைகளிற் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர். ஆனால் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு இத்தகைய நோய் இருந்தால், அதனை மறைத்து அடுத்த சம்பந்தத்தைப் பேசுவது பிழை. வைத்தியரிடம் சொல்வதே அறிவு. மறைப்பதற்குக் காரணம் அச்சம். அச்சத்திற்குக் காரணம், இஃது ஒரு சாபம் அல்லது தாயின் குற்றம் என்னும் எண்ணம். நான்கில் ஒரு பங்கு என்னும் கணக்கில் சாபமும் இல்லை, குற்றமும் இல்லை.

இதனைப் பிறருக்குச் சொல்லும் எனக்கும் ஒரு கடன் உண்டு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பித்தேன். அங்கே அண்ணனும் தங்கையுமாக இரு பிள்ளைகள் வந்தனர். இரண்டு ஆண்டுகளாகியும் ஓர் எழுத்தையும் கற்கவில்லை. பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே ‘மந்தம்’ என்று எழுதினேன். ஒருநாள் தாய் வந்து, “பொறந்தப்ப நல்லாத்தான் இருந்திச்சுங்க ஐயா. ரெண்டுமே ஆறு மாசத்துக்கு அப்புறந்தான் இப்புடி ஆச்சு” என்றாள். நான் தலையசைத்து அனுப்பிவிட்டேன். வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகளை எவரும் சோதித்துப் பார்க்கவுமில்லை. ஒஸ்லோ நகரத் தாயின் கதையைப் படித்தபோது, அந்தத் தோட்டத்துத் தாயின் சொல் என் காதில் மீண்டும் ஒலித்தது.

எழுத்தாளரும் இத்துயரிலிருந்து தப்பவில்லை. சீன நாட்டு உழவர் வாழ்க்கையை நாவலாக எழுதி, 1938இல் நோபெல் பரிசு பெற்ற பேர்ள் பக் அம்மையாரின் மகள் கரொல் 1920இல் பிறந்தாள். அவளுக்கும் இதே நோய். அவள் வளர்ந்த காலத்தில் நோய்க்குப் பெயரும் இல்லை. மகளைப் பராமரிக்கும் விடுதிக்குச் செலுத்தவேண்டிய பணத்திற்காகவும் அம்மையார் எழுத வேண்டியதாயிற்று. வளராத தம் பிள்ளையைப் பற்றி 1950இல் அவர் ஒரு நூல் எழுதி, அதுவரை வீடுகளுக்குள் மறைந்திருந்த துயரத்தைப் பலரும் வெளிப்படையாகப் பேச வழிசெய்தார்.

பெயர் தெரிந்தும் மருந்தில்லாத காலம் 1951 வரை நீடித்தது. அவ்வாண்டில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரச் சிறுவர் வைத்தியசாலையில் ஷீலா ஜோன்ஸ் என்னும் குழந்தைக்கு இந்நோய் இருப்பதாக ஹோஸ்ற் பிக்கெல் என்னும் வைத்தியர் கண்டார். சிகிச்சை இல்லை என்று சொல்லியும் தாய் விடவில்லை. நாள்தோறும் காலையில் ஆய்வுகூட வாயிலில் வந்து நின்று, என் பிள்ளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். பிக்கெலும் ஈவ்லின் ஹிக்மன்ஸ், ஜோன் ஜெராட் என்னும் துணைவரும் பாற்புரதத்தைப் பிரித்து, கரியினூடே வடித்துப் பினைலலனினை நீக்கி, ஒரு தனி உணவை ஆக்கினர். சில மாதங்களில் தவழவும் நிற்கவும் அறியாதிருந்த குழந்தை தவழ்ந்தது, பற்றி நின்றது, தலையை மோதிக்கொண்டு அழுவதை விட்டது. இது உணவின் பயனே என்பதை உறுதி செய்யத் தாய்க்குச் சொல்லாமல் பினைலலனினை மீண்டும் சேர்த்தார்கள். ஒரு நாளுக்குள்ளேயே குழந்தை பழைய நிலைக்குத் திரும்பத் தாய் கலங்கினாள். அச்செயல் இன்றைய ஒழுக்க விதிக்கு ஏலாது. ஆயினும், உணவை மாற்றினால் இந்நோயை வெல்லலாம் என்பது 1953இல் வெளியான அவர்களுடைய கட்டுரையால் நிலைநாட்டப்பட்டது.

ஆனால் ஷீலாவின் மூளை அதற்கு முன்பே பெரிதும் பாதிக்கப்பட்டிருந்தது. பிறந்த சில நாட்களிலேயே நோயைக் கண்டால்தான் முழுப் பயன் கிட்டும். அதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் பஃபலோ நகரைச் சேர்ந்த றொபேட் கத்ரி. அவர் தாமும் அறிவு வளர்ச்சி குன்றிய ஒரு மகனின் தந்தை. நெருங்கிய உறவில் ஒரு பெண் குழந்தைக்குப் பினைல்கீட்டோன்யூரியா. குழந்தையின் குதியிற் சிறிது குத்தி எடுத்த குருதித் துளியை வடிதாளில் உலரவைத்து, அத்தாளில் ஒரு வட்டத்தை வெட்டி, பற்றீரியா வளரும் தட்டில் வைத்தார். பினைலலனின் மிகுந்த குருதியைச் சுற்றிப் பற்றீரியா செழித்து வளரும், இல்லாவிடின் வளராது. உலர்ந்த தாளைத் தபாலில் அனுப்பலாம், செலவும் சிறிது. 29 மாநிலங்களில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்ததில் 39 பேரிடம் நோய் கண்டறியப்பட்டது. 1963இல் மாசச்சூசெற்ஸ் மாநிலம் இச்சோதனையைச் சட்டமாக்கியது.

அந்த வடிதாள் கண்டிக்கும் வந்திருக்கிறது. 1970களில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஜோன் டுசோ என்பவர், அதே உலர்ந்த குருதித் துளியைக் கொண்டு தைரொயிட்டுச் சுரப்பி குறைந்த குழந்தைகளைக் கண்டறியும் முறையை வகுத்தார். அக்குறையும் கவனியாது விட்டால் அறிவு வளர்ச்சியைக் கெடுக்கும். காலத்தில் கண்டால் நாளுக்கொரு மாத்திரை போதும். இலங்கையில் தென் மாகாணத்தில் முதலில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த சிசுச் சோதனை இதுவே. குழந்தையின் குதியில் ஊசி குத்த வரும் தாதியைக் கண்டு, “பச்சைப் பிள்ளையை ஏன் நோவிக்கிறீர்கள்?” என்று கடிந்துகொள்ளும் பாட்டிமார் இருப்பின், அந்த ஒரு துளியின் பின்னேயுள்ள வரலாற்றை அவர்களுக்கு அன்புடன் எடுத்துச் சொல்லுங்கள்.

இப்போது இரண்டு கதைகளும் ஒன்றுசேரும் இடத்திற்கு வந்துவிட்டோம். 1974இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அஸ்பார்ட்டேமை அனுமதித்தது. அப்போதே, பினைல்கீட்டோன்யூரியா உடையோரை எச்சரிக்கும் வரி சிட்டையில் இருக்கவேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. வேறு ஐயங்கள் எழுந்தமையால் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டு, 1981இல் உலர் உணவுக்கும் 1983இல் போத்தல் பானத்துக்கும் மீண்டும் வழங்கப்பட்டது. வெப்பத்தில் இது சிதைந்துவிடும். ஆதலால் அடுப்பில் வைக்கும் பண்டத்தைவிடக் குளிர்பானமே இதற்கு ஏற்ற இடமாயிற்று. எச்சரிக்கை வரியும் பானத்தோடு நாடு நாடாகப் பயணம் செய்தது. இந்தியாவிலும் அஸ்பார்ட்டேம் சேர்ந்த உணவின் சிட்டையில் இந்நோயுடையோருக்கு உகந்ததன்று என்று எழுதவேண்டும் என விதி உண்டு.

இங்கே ஒரு வினா எழும். ஒரு குவளைப் பசுப்பாலில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் பினைலலனின் இருக்கிறது. ஒரு முட்டையில் 300 மில்லிகிராமுக்கு மேல். அஸ்பார்ட்டேம் மட்டும் சேர்த்த 350 மில்லிலீற்றர் பானத்திலோ ஏறத்தாழ 100 மில்லிகிராம்தான். அப்படியிருக்க, பாலுக்கும் முட்டைக்கும் இல்லாத எச்சரிக்கை பானத்துக்கு ஏன்? பாலிலும் முட்டையிலும் பருப்பிலும் மீனிலும் புரதம் உண்டென்பதை அந்நோயுடைய பிள்ளையின் தாய் நன்கு அறிவாள். அவற்றை விலக்கியும் அளந்துமே ஊட்டுகிறாள். கடும் நோயுடைய பிள்ளைக்கு ஒரு நாள் முழுவதற்கும் அனுமதிக்கப்படும் பினைலலனின் சில நூறு மில்லிகிராம் மட்டுமே. ஆனால் இனிப்பு நீரில் புரதத்தின் துண்டு இருக்கும் என்று எந்தத் தாய் எதிர்பார்ப்பாள்? சோற்றையும் கிழங்கையும் நிறுத்து ஊட்டிய கையே, தாகத்தில் அழும் பிள்ளைக்கு அந்தப் போத்தலைத் திறந்து கொடுத்துவிடும். எவரும் ஐயுறாத இடத்தில் ஆபத்து இருப்பதால்தான் அங்கே எழுதவேண்டியதாயிற்று.

ஒருவருக்கு உணவாவது மற்றவருக்கு நஞ்சாகும் என்பதற்கு எதிர்ப்புறமான எடுத்துக்காட்டும் உண்டு. பழச்சீனி ஒவ்வாத ஒரு பரம்பரை நோயை 1956இல் இலண்டன் வைத்தியர் இருவர் விவரித்தனர். அந்நோயுடைய குழந்தை தாய்ப்பாலில் நலமாக வளரும். சீனியோ பழமோ தேனோ வாயில் பட்டால் வாந்தியும் மயக்கமும் உண்டாகும். தொடர்ந்தால் ஈரல் கெடும். சீனிக்குப் பதிலாகச் சில பண்டங்களிற் சேர்க்கப்படும் சோபிற்றோல் என்னும் இனிப்பூட்டியும் ஈரலில் பழச்சீனியாக மாறுவதால் அவர்களுக்கு ஆகாது. அவர்களுக்கோ அஸ்பார்ட்டேம் தீங்கு செய்யாது. பிறந்த குழந்தையின் நாவில் சீனித் தண்ணீரோ தேனோ தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அன்பின் பேரால் செய்யும் அச்செயல் எந்தக் குழந்தைக்கும் தேவையற்றது. அரிதாக ஒரு குழந்தைக்கு ஆபத்தானது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று நம் குடும்பநல உத்தியோகத்தர்கள் சொல்வதை ஏற்போமாக.

அஸ்பார்ட்டேமைப் பற்றி வேறு அச்சங்களும் பேசப்படுகின்றன. 2023 ஜூலையில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, போதிய சான்றில்லாத நிலையில் இதனைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் வரிசையில் வைத்தது. அதே வேளை, உணவுச் சேர்க்கைகளை ஆராயும் சர்வதேச நிபுணர் குழு, உடலின் ஒரு கிலோகிராம் நிறைக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை கொள்ளலாம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை. உடல் நிறையைக் குறைக்க இனிப்பூட்டிகளை நம்பவேண்டாம் என்று அந்நிறுவனம் அவ்வாண்டு மே மாதத்தில் அறிவுரை கூறியிருந்தது. இவை பொதுமக்களுக்கான ஆலோசனை. நாம் பேசும் வரியோ அனைவருக்கும் உரியதன்று. அதனைக் கண்டு மற்றையோர் அஞ்சவேண்டியதுமில்லை. ஐரோப்பியரிடையே ஏறத்தாழப் பதினாயிரம் பிறப்புகளுக்கு ஒன்றாகக் காணப்படும் நோய் இது. நம் பகுதிகளில் அதனினும் அரிது. அரிதானவர்களுக்காக ஒரு வரியை ஒதுக்கியிருப்பதே அதன் சிறப்பு.

ஆனால் அந்த வரி யார் மொழியில் இருக்கிறது? நான் கண்ட போத்தலில் அது ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகளாக உள்ள நாட்டில், ஆங்கிலம் அறியாத தாய்க்கு அவ்வரி எழுதப்படாததற்குச் சமம். விஞ்ஞானத்தைத் தமிழில் எழுத இயலாது என்று எவரேனும் கூறினால், 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீனை அவர்களுக்கு நினைவூட்டுவேன். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய அப்பெருமகனார், தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கினார். 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூலையும் தந்தார். அவர் பிறந்ததும் 1884இல் மறைந்ததும் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில். குதியில் எடுக்கும் குருதித் துளியைப் பின்னாளில் சட்டமாக்கிய அதே மாநிலம். ஒரு நூல் முழுவதையும் அன்று தமிழில் எழுத முடிந்ததென்றால், இன்று ஒரு போத்தலில் ஒரு வரியை எழுத முடியாதா? இதனை உற்பத்தியாளரிடமும் அதிகாரிகளிடமும் கேட்பது நுகர்வோராகிய நமது உரிமை.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில. சீனி இல்லை என்று எழுதியிருப்பதோடு நின்றுவிடாமல், எந்த இனிப்பூட்டி சேர்ந்தது என்று சிட்டையைப் பாருங்கள். 951 என்னும் இலக்கம் அஸ்பார்ட்டேமைக் குறிக்கும். பிறர் வீட்டுப் பிள்ளைக்குப் பானம் கொடுக்குமுன், “பிள்ளைக்கு ஏதேனும் ஒவ்வாததுண்டா?” என்று பெற்றாரிடம் கேளுங்கள். பிள்ளையின் வளர்ச்சியில் ஐயம் தோன்றினால் பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கோ அண்மையிலுள்ள அரசினர் வைத்தியசாலைக்கோ அழைத்துச் செல்லுங்கள். ஆசிரியராக இருப்பவர்கள், பதிவேட்டில் ஒரு சொல்லை எழுதுமுன் தாய் சொல்வதைக் கேளுங்கள். ஒஸ்லோவிலும் பேர்மிங்காமிலும் தாய் சொன்னதை ஒருவர் கேட்டார். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

அந்த எட்டாம் வகுப்பு மாணவனுக்கு இக்கதையை ஒருநாள் சொன்னேன். முழுவதையும் கேட்டபின், “அப்போ சேர், அந்த வரி எங்களுக்கு இல்லையா?” என்றான். “வாசிக்கத் தெரியாத ஒருவருக்காக வாசிக்கும்போது அது உனக்கும் உரியதுதான்” என்றேன். மறுவாரம் எங்கள் விஞ்ஞான ஆசிரியரும் அவனுமாகச் சேர்ந்து, அந்த வரியைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுதிப் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைச் சுவரில் ஒட்டினார்கள். இன்றும் அது அங்கே இருக்கிறது.